ஃபிளாப்பில் ஓட்டை விழுந்து லாசிக் பாதியில் நின்றால்

மேலூர் நண்பருக்கு, மதுரையில் லாசிக் (கண் பவரைச் சரிசெய்யும் லேசர் சிகிச்சை) செய்தபோது வலது கண் ஃபிளாப்பின் (லேசர் அடிப்பதற்காக கருவிழியில் மெல்லிசாக வெட்டித் தூக்கும் மடலின்) நடுவில் ஓட்டை விழுந்து, லேசர் அடிக்காமலே மூடிவிட்டார்கள், இனி என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தியதுதான் சரி. அந்த நிலையில் லேசர் அடித்திருந்தால் தழும்பும், உருவம் கோணலாகத் தெரிவதும் தங்கியிருக்கலாம்.

ஃபிளாப்பில் இப்படி ஓட்டை விழுவதற்குப் பெயர் பட்டன்ஹோல். ஃபிளாப்பைப் பிளேடால் வெட்டும் மைக்ரோகெரட்டோம் கருவியில்தான் அதிகம். கருவிழி வளைவு கூடுதலாக இருந்தாலோ, உறிஞ்சிப் பிடிக்கும் வளையம் நடுவில் தளர்ந்தாலோ பிளேடு மேலேறி எபிதீலியத்தை (கருவிழியின் மேல்தோலை) கிழித்துவிடும். பழைய ரிப்போர்ட்டில் கெரட்டோமெட்ரி (கருவிழி வளைவின் அளவு) 46, 47 டயாப்டருக்கு மேலா என்று பாருங்கள். அப்படியானால் இடது கண்ணை அதே பிளேடில் செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு கண்ணும் பெரும்பாலும் ஒரே வாகுதான்.

முதல் சில வாரங்களில் ஓட்டை ஓரமாக எபிதீலியம் ஃபிளாப்புக்கு அடியில் புகுந்து வளரலாம். டாக்டர் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப்பில் வெளிறிய திட்டாகத் தெரியும், அதனால் செக்கப்பைத் தவறவிடாதீர்கள். கண்ணைக் கசக்கவே கூடாது. பைக்கில் போனால் கண்ணாடி கட்டாயம், நம்ம ஊர் ரோட்டுத் தூசி தெரிந்ததுதானே. வலி, சிவப்பு, மங்கல் கூடினால் அன்றைக்கே காட்டுங்கள்.

குறைந்தது 3 மாதம் பொறுங்கள். டோப்போகிராபி (கருவிழி மேற்பரப்பின் வரைபடம்) மாறாமல் நிலைத்தபின், மறுபடி ஃபிளாப் வெட்டாமல், எபிதீலியத்தையும் லேசராலேயே நீக்கும் பி.ஆர்.கே. என்ற லேசர் சிகிச்சை செய்யலாம், தழும்பு மங்கலைத் தடுக்க 0.02% மைட்டோமைசின்-சி மருந்து வைப்பார்கள். வேறு டாக்டரிடம் போவதாக இருந்தால் ஆபரேஷன் குறிப்பின் நகலை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.