கேன்டர் வராமல் டிரசாஜ் போட்டிக்குப் போகலாமா?

கேள்வி: வயது 44, இங்கிலாந்தில் இருக்கிறேன். மூன்று வருடமாக வாரம் ஒருநாள் குதிரையேற்றப் பள்ளிக்குப் போகிறேன், சொந்தக் குதிரை கிடையாது. அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் ஒரு ஞாயிறு பள்ளியின் உள்ளரங்கிலேயே டிரசாஜ் (குதிரையைக் குறித்த அசைவுகளைச் செய்யவைத்து மதிப்பெண் வாங்கும் போட்டி) தொடர் நடக்கிறது, பள்ளிக் குதிரையிலேயே கலந்துகொள்ளலாமாம். எனக்குக் கேன்டர் (குதிரையின் பாய்ச்சலோட்டம்) இன்னும் சரியாக வரவில்லை. பெயர் கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள். கேன்டருக்காகக் காத்திருக்க வேண்டாம், ஆரம்பநிலையான இன்ட்ரோ பிரிவில் நடையும் டிராட்டும் (மெதுவோட்டம்) மட்டும்தான், கேன்டர் அடுத்த படியான பிரிலிமில்தான் வரும். வயதும் ஒரு தடையில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் ஹிரோஷி ஹொகெட்சு டிரசாஜில் இறங்கியபோது அவருக்கு 71.

ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, தாளில் பக்கத்திலேயே காரணமும் எழுதவைப்பார். முதல் முறை அறுபது சதவீதத்தைத் தொட்டாலே நல்ல ஆரம்பம்தான். எனக்கு இந்தத் தொடர்கள் பிடிப்பதற்கே அந்தத் தாள்தான் காரணம், ஏனென்றால் அக்டோபர் தாளையும் ஜனவரி தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது சரியாகியிருக்கிறது, எது அப்படியே நிற்கிறது என்று பளிச்சென்று தெரியும். அதனால் ஒரு மாதத்தோடு விட்டுவிடாதீர்கள். ஏதாவது ஒரு மாதம் குதிரை கிடைக்கவில்லையா, நடுவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை எழுதித்தர ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நாலு வகுப்பில் கற்றுக்கொள்வதைக் கற்றுக்கொள்ளலாம்.

சரி, எதைப் பழகுவது? 20 மீட்டர் வட்டத்தை. புதியவர்கள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் அங்கேதான். 20-க்கு 40 மீட்டர் அரங்கில் இடங்களை எழுத்தால்தான் குறிப்பார்கள்; குறுகிய பக்கத்தின் நடுவிலுள்ள ஏ எழுத்திலிருந்து போடும் வட்டம் அரங்கின் நட்டநடுவான எக்ஸைத் தொட வேண்டும், இரண்டு பக்கச் சுவரையும் மூலையிலிருந்து சரியாகப் பத்தாவது மீட்டரில் தொட வேண்டும், மூலைக்குள் போகவே கூடாது. குதிரையோ பழக்கதோஷத்தில் சுவரை ஒட்டி மூலைக்குள் போய்விடும், வட்டம் முட்டை வடிவமாகிவிடும். அந்த நான்கு இடத்திலும் தரையில் ஏதாவது அடையாளம் வைத்து, சுவரைத் தொடும்போது ஒரு காலடி மட்டும் அதோடு போய்விட்டு உடனே அடுத்த அடையாளத்தைப் பாருங்கள். இரண்டே வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

டெஸ்டை, அதாவது செய்ய வேண்டிய அசைவுகளின் வரிசையை, வாய்விட்டுப் படித்துச் சொல்ல ஒருவரை நிறுத்திக்கொள்ளலாம், இருந்தாலும் மனப்பாடம் செய்துவிடுங்கள், வீட்டுக் கூடத்தில் நடந்தே பழகலாம்.

அப்புறம் குளிர். லாயத்திலேயே நின்ற குதிரைக்கு முதுகு விறைத்திருக்கும், சில குதிரைகளுக்குத் துள்ளலும் கூடிவிடும். வார்ம்-அப்புக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஒதுக்கி, முதலில் பின்பக்கம் கம்பளி விரிப்போடு நன்றாக நடக்கவிடுங்கள். நடுவரின் மேசை, பூந்தொட்டி எல்லாம் அதற்குப் புதிது, மணி அடிக்கும் முன் அந்தப் பக்கம் இரண்டு திசையிலும் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். முடிந்து வெளியே வந்ததும் வியர்வையோடு காற்றில் நிறுத்தாதீர்கள், குளிர்கால ரோமம் சீக்கிரம் காயாது. மூச்சு அடங்கும்வரை நடத்தி, விரிப்பைப் போர்த்திவிட்டு, அதற்கப்புறம் தாளை வாங்கப் போங்கள்.