லாபம் மூன்றே முக்கால் மடங்கு, பங்கு விலை நின்ற இடத்திலேயே: இன்னும் வாங்கலாமா?

கேள்வி: பத்து ஆண்டுகளுக்கு முன் 380 ரூபாய்க்கு வாங்கிய பங்கு இன்று 400 ரூபாயில் நிற்கிறது. ஊர் ஊராக ஷோரூம் நடத்தும் நிறுவனம் அது. இதே காலத்தில் அதன் செயல்பாட்டு லாபம் 160 கோடியிலிருந்து 600 கோடி ஆகிவிட்டது. "சந்தை இன்னும் கவனிக்கவில்லை, ஒரே வருடத்தில் 1,200 போகும்" என்று டெலிகிராம் குழு நடத்தும் ஒருவர் வரைபடத்தோடு சொல்கிறார். மேலும் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஆண்டறிக்கையைத் திறந்து நான்கு எண்களைப் பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்: மொத்தப் பங்குகள், கடன், தேய்மானம் (கடையும் சாமான்களும் பழசாவதற்காக ஆண்டுதோறும் எழுதும் செலவு), வட்டி.

நீங்கள் அனுப்பிய அறிக்கைகளின்படி அன்று 8 கோடிப் பங்குகள், இன்று 10 கோடி. கடன் 260 கோடியாக இருந்தது, இப்போது 2,100 கோடி. 600 கோடி என்பது தேய்மானமும் வட்டியும் கழிப்பதற்கு முந்தைய லாபம். தேய்மானம் 190, வட்டி 200 போனால் மிஞ்சுவது 210 கோடி. பங்குக்கு 21 ரூபாய். அன்று 160-இல் தேய்மானம் 30, வட்டி 25 போக 105 கோடி. பங்குக்கு 13 ரூபாய். இரண்டுமே வரிக்கு முன். உங்கள் கைக்கு உரிய லாபம் பத்து ஆண்டுகளில் ஒன்றரை மடங்கைச் சற்றுத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். மீதி வளர்ச்சி தேய்மானத்துக்கும் கடன் கொடுத்தவருக்கும் புதுப் பங்குதாரருக்கும் போய்விட்டது. சந்தை கவனித்துத்தான் விலை வைத்திருக்கிறது.

விலை ஏன் அந்த ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை? நீங்கள் வாங்கியபோது அந்த 13 ரூபாய்க்கு 29 மடங்கு கொடுத்தீர்கள். இன்று 21 ரூபாய்க்குச் சந்தை கொடுப்பது 19 மடங்கு. கடன் சுமை இல்லாத நல்ல நிறுவனத்துக்கும் இது நேரும். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் சந்தை மதிப்பு 60,000 கோடி டாலர், அந்த நிதியாண்டின் செயல்பாட்டு லாபம் சுமார் 1,100 கோடி. ஏறத்தாழ 55 மடங்கு. 2011-இல் லாபம் 2,700 கோடியைத் தொட்டபோது சந்தை கொடுத்தது எட்டு மடங்குதான். பழைய உச்ச விலையைத் திரும்பப் பார்க்க 2016 அக்டோபர் வரை ஆனது. லாபம் ஏறினால் விலை ஏறியே தீரும் என்பவர், தொடக்கத்தில் எத்தனை மடங்கு கொடுத்தோம் என்பதை மறைக்கிறார்.

உங்கள் நிறுவனம் வாடகைக் கடைகளில் நடப்பதால் இன்னொன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் 'இந்த் ஏஎஸ் 116' என்ற கணக்கியல் விதி அமலில் இருக்கிறது. அதற்கு முன் கடை வாடகை செலவாகக் கழிந்த பிறகே செயல்பாட்டு லாபம் வரும். இப்போது நீண்டகாலக் குத்தகை வாடகை தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்து கீழே இறங்கிவிட்டது. 60 கோடி வாடகை கட்டும் கடைக்காரர் ஒரு புடவைகூடக் கூடுதலாக விற்காமல், செயல்பாட்டு லாபத்தை 60 கோடி உயர்த்திக் காட்ட முடிகிறது. 2019-க்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே கோட்டில் இணைத்த எந்த வரைபடமும் உங்களுக்கு உதவாது. சரிசெய்ய வழி இருக்கிறது. பணப்புழக்க அறிக்கையில் நிதி நடவடிக்கைகள் என்ற பகுதியில் குத்தகைக்காகக் கட்டிய அசலும் வட்டியும் இருக்கும். இரண்டையும் கூட்டிச் செயல்பாட்டு லாபத்திலிருந்து கழியுங்கள். அல்லது மேலே செய்ததுபோல் தேய்மானமும் வட்டியும் கழித்த எண்ணையே ஒப்பிடுங்கள், சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தரும் லாப நட்டப் படிவத்தில் 'செயல்பாட்டு லாபம்' என்று ஒரு வரியே கிடையாது. அதனால் ஒரு நிறுவனம் வைப்புநிதி வட்டியையும் சேர்த்துச் சொல்கிறது, இன்னொன்று சேர்க்காமல் சொல்கிறது. சர்வதேசக் கணக்கியல் விதியான ஐஎஃப்ஆர்எஸ் 18, 2027 முதல் 'செயல்பாட்டு லாபம்' என்ற வரியைக் கட்டாயமாக்குகிறது; ஆனால் அது தேய்மானம் கழித்த பிறகான எண். ஊரே பேசும் ஓர் எண்ணுக்கு ஒரே வரையறை தர இத்தனை காலம் எடுத்துக்கொண்டால் சிறு முதலீட்டாளர் யாரை நம்புவார்? நிறுவனம் சொல்லும் லாபத்தில் 'இதர வருமானம்' சேர்ந்திருந்தால் அந்த வரியை நீங்களே கழித்துக்கொள்ள வேண்டும்.

இனி டெலிகிராம்காரர். அவருடைய வரைபடத்தில் விலைக்கு இடப்பக்கம் ஓர் அளவு, லாபத்துக்கு வலப்பக்கம் வேறோர் அளவு. வலப்பக்க அளவைச் சுருக்கினால் போதும், லாபக் கோடு பாய்ந்து ஏறும். இரண்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளி அவர் வரைந்த இடைவெளி. இரண்டு கோடும் முதல் ஆண்டில் 100 எனத் தொடங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள். ஆராய்ச்சி ஆய்வாளர் என்றால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி தரும் பதிவெண் 'ஐஎன்ஹெச்' என்றும், முதலீட்டு ஆலோசகர் என்றால் 'ஐஎன்ஏ' என்றும் தொடங்கும். எண்ணைக் கேட்டு வாங்கினால் மட்டும் போதாது, அடுத்தவர் எண்ணைக் காட்டுபவர்களும் உண்டு. செபி இணையதளத்தில் அந்த எண்ணுக்கு என்ன பெயரும் முகவரியும் இருக்கிறது என்று ஒத்துப்பாருங்கள். பதிவு பெற்றவர் லாபத்துக்கு உத்தரவாதம் தரக் கூடாது என்பது விதி. முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, நீங்கள் வாங்கும்போது தன்னுடையதை விற்பதுதான் இத்தகைய குழுக்களின் வழக்கமான வேலை.

கையில் இருப்பதை இப்போதே விற்க வேண்டியதில்லை. கடைசி மூன்று ஆண்டுகளில் கடன் குறைந்து, பங்குக்கான அந்த 21 ரூபாய் ஏறிக்கொண்டிருந்தால் வைத்திருங்கள். அடுத்த விரிவாக்கத்தையும் கடனிலேயே செய்வதாக நிர்வாகம் அறிவித்தால் அன்றே வெளியே வாருங்கள்.