‘பேச்சை மாற்றாதே’ என்பதற்கு ஆங்கிலத்தில் எது சரி: சேஞ்சா, டைவர்ட்டா, டீவியேட்டா?

சந்தேகம் வந்தால் ‘சேஞ்ச்’ போடுங்கள். ‘டோன்ட் சேஞ்ச் த சப்ஜெக்ட்’ என்பது வீட்டுச் சண்டையிலும் செல்லும், அலுவலகக் கூட்டத்திலும் செல்லும். ‘டாபிக்’ என்றாலும் தப்பில்லை. ஆனால் காதுக்குப் பழகிய சேர்க்கை ‘சப்ஜெக்ட்’தான். நடுவில் உள்ள ‘த’வை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நம்மவர்கள் அதிகம் வழுக்குவது டீவியேட்டில். ‘டோன்ட் டீவியேட் த டாபிக்’ என்பது தவறு. தமிழில் ‘விலகு’ தன்வினை, ‘விலக்கு’ பிறவினை அல்லவா? டீவியேட் என்பது ‘விலகு’ மட்டும்தான், எதையும் விலக்காது. அதனால் ‘ஃப்ரம்’ வேண்டும்: ‘டோன்ட் டீவியேட் ஃப்ரம் த டாபிக்’. பேசும் விஷயத்தை விட்டு விலகிப் போவதைச் சொல்லும் டைக்ரெஸும் இதே சாதி. பேச்சு தானாக எங்கோ போய்விட்டது, யாரும் வேண்டுமென்று திருப்பவில்லை என்றால் ‘ட்ரிஃப்ட்’: ‘த கான்வர்சேஷன் ட்ரிஃப்டட் டு கிரிக்கெட்’.

டைவர்ட்டில் சிக்கல் வேறு. வினை சரி, பின்னால் வரும் பெயர்ச்சொல்தான் இடிக்கிறது. ஓடிக்கொண்டிருப்பது உரையாடல், வாய்க்கால் தண்ணீரைப் போல அதைத்தான் திருப்பிவிட முடியும். எனவே டைவர்ட், ஸ்டீர் இரண்டுக்கும் பின்னால் ‘த கான்வர்சேஷன்’ வரட்டும். ‘டைவர்ட் த டாபிக்’ இங்கே பலர் பேசுவதுதான், ஆனாலும் தேர்விலோ நேர்காணலிலோ தவிர்ப்பது நல்லது.

ஓர் உதாரணம். சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். அவர் மழையைப் பற்றி ஆரம்பிக்கிறார். ‘ஹி சேஞ்ச்டு த சப்ஜெக்ட்’ என்றால் நடந்ததைச் சொல்கிறீர்கள், அவ்வளவே. ‘ஹி டாட்ஜ்டு த கொஸ்டின்’ என்றால் நழுவிவிட்டார் என்று குற்றம் சாட்டுகிறீர்கள். ‘ஹி ஸ்டீர்டு த கான்வர்சேஷன் அவே ஃப்ரம் மணி’ என்றால், நாசூக்காகத் திருப்பினார் என்று அவருடைய சாமர்த்தியத்தையும் ஒப்புக்கொள்கிறீர்கள்.

‘ட்ராப் த சப்ஜெக்ட்’டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது ‘அந்தப் பேச்சை விடு’. கூட்டத்தில் அடுத்த விஷயத்துக்குப் போக ‘லெட்ஸ் மூவ் ஆன் டு த பட்ஜெட்’ போதும்.

ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டுத் தெரியாமல் வழுக்கிப் போவதற்கு ‘செக்வே’ என்றொரு சொல் உண்டு. இத்தாலிய மொழியிலிருந்து இசைக் குறிப்புகள் வழியாக வந்தது. ‘segue’ என்ற எழுத்தைப் பார்த்து ‘செக்’ என்று படித்துவிடாதீர்கள்.