பக்கத்து ஃபேர்வேல அடிச்சா தப்பா? – கோல்ஃப் கேள்வி பதில்

கேள்வி: சார், எங்க கிளப்ல ஒரு பார் 5 (அஞ்சு ஷாட்ல முடிக்கணும்னு கணக்கு), இடது பக்கம் நல்லா வளையும். நண்பர் ஒருத்தர் அந்த வளைவையே கண்டுக்காம பக்கத்து ஹோல் ஃபேர்வேக்கு (புல் வெட்டின ஆட்டப் பாதை) அடிச்சு அங்கேர்ந்து ரெண்டாவது ஷாட்ல கிரீன் (குழி இருக்கிற இடம்) ஏறிடுறார். இது போங்கு இல்லையா?

பதில்: போங்கு இல்லைங்க, அவர் யோசிச்சு ஆடுறார், அவ்வளவுதான். இந்த ஹோலை இந்த ஃபேர்வே வழியாதான் ஆடணும்னு ரூல்ல எங்கயும் கிடையாது, எல்லைக்குள்ள இருக்கிற வரைக்கும் எங்க வேணா அடிக்கலாம். 1979 யுஎஸ் ஓபன், ஒஹையோவுல இன்வர்னஸ் கிளப், முதல் நாள் லான் ஹிங்கிள்னு ஒரு ஆளு 8வது ஹோல் டீல (முதல் ஷாட் அடிக்கிற இடம்) நின்னு பார்க்குறாரு, இடது பக்கம் மரங்களுக்கு நடுவுல ஒரு சந்து, அந்தப் பக்கம் 17வது ஃபேர்வே. அந்த வழியா அடிச்சாரு, தூரம் குறைஞ்சிடுச்சு. மறுநாள் காலைல வந்து பார்த்தா அந்தச் சந்துல சுமார் 25 அடி உயரத்துல ஒரு ஸ்ப்ரூஸ் மரம் நிக்குது! போட்டி நடத்துற யுஎஸ்ஜிஏ ராத்திரியோட ராத்திரியா நட்டு வச்சிருக்காங்க. மனுஷன் விட்டாரா, அன்னைக்கும் அதே வழிலதான் அடிச்சாரு. என்னைக் கேட்டா போட்டி பாதில மரம் நடுறதுதான் போங்கு.

ஒழுங்கான வழி என்னன்னா, போட்டிக்கு முன்னாடியே கமிட்டி அந்த இடத்தை ஓபின்னு (அவுட் ஆஃப் பவுண்ட்ஸ், எல்லைக்கு வெளிய) அறிவிச்சிடுறது, அதுவும் அந்த ஒரு ஹோல் ஆடும்போது மட்டும் ஓபின்னு வைக்கலாம், மத்த ஹோல் ஆடுறவங்களுக்கு அது சாதாரண இடம். 2021 பிளேயர்ஸ் போட்டில பிரைசன் டிஷாம்போ 18வது ஹோல்ல ஏரிக்கு அந்தப் பக்கமா, 9வது ஃபேர்வே வழியா போலாமான்னு யோசிக்க, டூர்காரங்க ஏரிக்கு இடது பக்கம் முழுக்க ஓபி ஆக்கிட்டாங்க. இங்கிலாந்துல ஹொய்லேக்ல கோர்ஸுக்கு நடுவுல இருக்கிற பிராக்டீஸ் கிரவுண்டே ஓபிதான். உங்க கமிட்டிகிட்ட சொல்லிப் பாருங்க. ஆனா பொறாமைல சொல்லாதீங்க, எதிர்ல ஆடிட்டு வர்றவங்க தலைல பந்து விழும்னு சொல்லுங்க, அதுதான் நிஜமான காரணமும்கூட.

கேள்வி: பந்து ஓபி மேல பறந்து திரும்ப உள்ள வந்து விழுந்தா?

பதில்: நல்ல பந்துதான். எங்க போய் நிக்குதுங்கறதுதான் கணக்கு. செயின்ட் ஆண்ட்ரூஸ் 17வது ஹோல்ல எல்லாருமே ஓபியா இருக்கிற ஹோட்டல் இடத்து மேலதான் டிரைவ் அடிப்பாங்க. பந்து முழுசா கோட்டுக்கு வெளிய இருந்தாதான் ஓபி, கொஞ்சம் உள்ள தொட்டுக்கிட்டு இருந்தாலும் ஆடலாம், நீங்க வெளிய நின்னுகூட அடிக்கலாம். எல்லையைக் காட்டுற வெள்ளைக் குச்சி இடைஞ்சலா இருக்குன்னு புடுங்கிடாதீங்க, அது மட்டும் கூடாது.

கேள்வி: 2017 ஓபன்ல ஜோர்டன் ஸ்பீத் பிராக்டீஸ் ரேஞ்சுல நின்னு அடிச்சாரே, அது எப்படி ஓபி இல்லாம போச்சு?

பதில்: நிறைய கோர்ஸ்ல ரேஞ்ச் ஓபிதான், அந்தப் போட்டி நடந்த ராயல் பர்க்டேல்ல அன்னைக்கு இல்ல. 13வது ஹோல்ல டிரைவ் வலது பக்கம் மணல்மேட்டுல எங்கயோ போய் மாட்டிக்கிச்சு, அன்பிளேயபிள்னு (ஆட முடியாத பந்து) சொல்லி ஒரு ஷாட் பெனால்டி வாங்கிக்கிட்டாரு. கொடிக்கும் பந்துக்கும் நேர்க்கோடு போட்டு அதே கோட்டுல எவ்வளவு தூரம் வேணா பின்னாடி போய் பந்தை டிராப் பண்ணலாம் (கைல இருந்து கீழ போடலாம்), அப்படிப் போனா ரேஞ்ச் வந்துச்சு. இதுக்கே 20 நிமிஷம் ஓடிப்போச்சு, ஆனா போகியோட (பாரைவிட ஒரு ஷாட் அதிகம்) தப்பிச்சு, அடுத்த நாலு ஹோல்ல பர்டி (ஒண்ணு குறைவு), ஈகிள் (ரெண்டு குறைவு), பர்டி, பர்டி அடிச்சு மேட் குச்சாரை மூணு ஷாட்ல ஜெயிச்சாரு. ரூல் தெரிஞ்சிருந்ததால கிடைச்ச போகி அது.

கேள்வி: ஓபி போனா மறுபடி டீக்கே நடக்கணுமா?

பதில்: ஆமா, ஒரு ஷாட் பெனால்டியோட, அதனால சந்தேகம்னா கிளம்புறதுக்கு முன்னாடியே ப்ரொவிஷனல்னு (தற்காலிகப் பந்து) சொல்லி இன்னொண்ணு அடிச்சிடுங்க. சில கிளப்ல ரெண்டு பெனால்டி வாங்கிட்டு ஃபேர்வே ஓரமா டிராப் பண்ணலாம்னு லோக்கல் ரூல் இருக்கும், ஸ்கோர்கார்டு பின்பக்கம் பாருங்க.