அணு எங்கே சுருங்குகிறது, எங்கே பெருக்கிறது? காரைக்குடி வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

தேவகோட்டை, பிளஸ் ஒன் மாணவி: சார், லித்தியத்தில் 3 எலக்ட்ரான், ஃபுளூரினில் 9. ஆனால் ஃபுளூரின்தான் சிறியதாமே?

எண்ணிக்கையை விடும்மா, எந்தக் கூட்டில், அதாவது அணுக்கருவைச் சுற்றியுள்ள எந்த எலக்ட்ரான் அடுக்கில், சேர்கிறது என்று பார். தனிம அட்டவணையின் இரண்டாம் தொடர் (கிடை வரிசை) முழுக்க, புதிதாக வருபவை அதே இரண்டாம் கூட்டில்தான் அமர்கின்றன. ஒரே கூட்டில் இருப்பவை ஒன்றையொன்று அணுக்கருவிடமிருந்து அவ்வளவாக மறைப்பதில்லை. புரோட்டானோ ஒவ்வொன்றாகக் கூடுகிறது. இழுப்பு ஏற ஏறக் கூடு நெருங்கி வரும். ஆரம், லித்தியத்துக்குச் சுமார் 152 பைக்கோமீட்டர் (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), கார்பன் 77, ஃபுளூரின் 64. முதலாவது உலோக ஆரம் (உலோகத்தில் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளியில் பாதி), மற்றவை சகப்பிணைப்பு ஆரம் (எலக்ட்ரானைப் பகிர்ந்து பிணைந்த இரு அணுக்களின் இடைவெளியில் பாதி). அளக்கும் முறை மாறுவதால் புத்தகத்துக்குப் புத்தகம் எண் கொஞ்சம் மாறும், பயப்படாதே.

பள்ளத்தூர் மாணவர்: தொகுதியில், அதாவது அட்டவணையின் செங்குத்து வரிசையில், கீழே போனால்?

கூடு ஒன்று கூடுகிறது, உள் எலக்ட்ரான்கள் நன்றாகத் திரைமறைக்கின்றன, அவ்வளவுதான் தம்பி. சோடியம் 186, பொட்டாசியம் 227, சீசியம் 265.

காரைக்குடி, டியூஷன் ஆசிரியை: இதையேதான் சொல்லிக்கொடுத்தேன். "அப்போ சிர்கோனியமும் ஹாஃப்னியமும் ஏன் ஒரே அளவு?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான்.

அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள் மேடம், அருமையான கேள்வி. சிர்கோனியம் 160, அதே தொகுதியில் அதற்குக் கீழே, ஒரு கூடு அதிகமுள்ள ஹாஃப்னியம் 159. இடையில் லாந்தனைடு வரிசை (லாந்தனத்தை ஒட்டி வரும் தனிமங்கள்) வந்துவிடுகிறது. அங்கே உட்கூட்டில் சேரும், எஃப் எனப்படும் வகை எலக்ட்ரான்கள் பதினான்கும் மறைப்பதில் பலவீனமானவை. கூடிய 14 புரோட்டான்களின் இழுப்பு வெளிக்கூடு வரை எட்டுகிறது. இதுதான் லாந்தனைடு குறுக்கம். அளவும் வேதிக் குணமும் ஒத்துப்போனதால் ஹாஃப்னியம் சிர்கோனியத் தாதுவுக்குள்ளேயே வெகுகாலம் மறைந்திருந்தது. 1923இல்தான் கோபன்ஹேகனில் காஸ்டர், ஹெவெஷி என்ற விஞ்ஞானிகள் எக்ஸ் கதிர் நிறமாலை வழியாகக் கண்டுபிடித்தார்கள். அணு உலைக்கு இந்த இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும்: சிர்கோனியம் நியூட்ரான்களைப் பெரும்பாலும் விட்டுவிடும், ஹாஃப்னியம் விழுங்கிவிடும். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணோடு முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்: சோடியம் பேட்டரி வருகிறதாமே? சோடியம் பெரிசு, கிராஃபைட்டுக்குள் நுழையாது என்கிறான் பேரன்.

பாதி சரி ஆச்சி. அயனிகளில் (எலக்ட்ரானை இழந்த அணுக்களில்) ஆரம் லித்தியம் 76, சோடியம் 102 பைக்கோமீட்டர். லித்தியம் பேட்டரியில் அயனிகள் நுழைந்து தங்கும் அடுக்குக் கார்பன்தான் கிராஃபைட்; சோடியம் அதில் சரியாகத் தங்குவதில்லை, உண்மை. ஆனால் 138 உள்ள பொட்டாசியம் அயனி நுழைந்து தங்குகிறதே! ஆகவே அளவு மட்டும் காரணமில்லை; கார்பனோடு சேரும்போது கிடைக்கும் ஆற்றலையும் பார்க்க வேண்டும். சோடியம் பேட்டரியில் பெரும்பாலும் ஒழுங்கற்ற அடுக்குள்ள கடினக் கார்பனைப் போடுகிறார்கள். பேரனுக்கு இதில் ஆர்வம் என்றால், நம் காரைக்குடியிலேயே 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது என்று சொல்லுங்கள்.