பிண்டோலரின் முழங்கால்

கேள்வி: 1878-இல் ஜப்பானைச் சுற்றிய ஆங்கிலேயப் பெண்மணி இசபெல்லா பேர்ட், அந்த நாட்டு வழிபாடுகளை மூடநம்பிக்கை என்று எழுதியவர். அவருடைய பயண நூலைப் போய்ப் படிக்கச் சொல்கிறீர்களே? (வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: எழுதியது உண்மைதான். பாதிரியார் வீட்டுப் பெண். சிலையைக் கண்டால் முகம் சுளிப்பார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். அதனால்தான் படிக்கச் சொல்கிறேன்.

தோக்கியோவில் அசகுசா கன்னோன் கோயிலுக்குப் போகிறார். அங்கே பின்சுரு என்று ஒரு நோய் தீர்க்கும் சாமி. உடம்பில் எங்கே வலியோ, சிலையில் அதே இடத்தைத் தேய்த்துவிட்டுத் தன் உடம்பில் தேய்த்துக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான கைகள் பட்டுப் பட்டுச் சிலைக்கு மூக்கும் முழியும் மழுங்கிவிட்டன. அவலட்சணம் என்று ஒரு வரி எழுதிவிட்டு அம்மாள் நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. ஒரு பெண், இமைகள் வீங்கிய, கை விளங்காத கிழவி ஒருத்தியை அழைத்து வருகிறாள். சிலையின் இமைகளைத் தேய்த்துவிட்டுக் கிழவியின் மூடிய இமைகளை மெல்ல வருடிவிடுகிறாள். அடுத்து, முழங்கால் வீங்கிய ஒரு கூலியாள். பின்சுருவின் முழங்காலை அழுத்தி அழுத்தித் தேய்க்கிறான். தன் முழங்காலை மட்டும் பூப்போலத் தடவிக்கொள்கிறான். மூடநம்பிக்கை என்று எழுதிய அதே கைதான் இந்த வித்தியாசத்தையும் குறித்துவைத்தது.

பின்சுரு வேறு யாருமல்லர், புத்தரின் சீடர் பிண்டோல பாரத்வாஜர். நம் நாட்டுக்காரர். நாரா நகரில் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் மண்டபத்துக்கு வெளியே அவருக்கு ஒரு மரச்சிலை இருக்கிறது. அங்கே போனபோது நானும் இடது முழங்காலைத் தேய்த்துவிட்டு வந்தேன். வலி போகவில்லை. அதற்காக அவரைக் குறைசொல்ல மாட்டேன். மாடிப்படி ஏறாதே என்று மருத்துவர் சொன்னதையும் நான் கேட்கவில்லை.

கேள்வி: சாமி மேலேயே துப்புவார்கள் என்று எழுதியிருக்கிறாராமே? (வாசகி, தேனி)

பதில்: எச்சிலை அல்ல, காகிதத்தை. அந்நாளில் அதே அசகுசா கோயிலில், வேண்டுதலை எழுதிய காகிதத்தை மென்று உருண்டையாக்கிக் காவல் தெய்வங்கள்மேல் துப்புவார்கள். கம்பித் தடுப்பைத் தாண்டி ஒட்டிக்கொண்டால் நல்ல சகுனம். மதுரையில் காளிமேல் வெண்ணெய் உருண்டை வீசிய குடும்பத்தில் பிறந்த எனக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

கேள்வி: அந்தப் புத்தகத்தில் உங்களால் மறக்க முடியாத இடம் எது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: வட ஜப்பானில் ஓடைக்கரையில் அவர் பார்த்த ஒரு துணி. நான்கு கழிகளில் நான்கு முனைகளும் கட்டியிருக்கும். பக்கத்தில் ஓர் அகப்பை. வழிப்போக்கர்கள் நின்று, ஓர் அகப்பைத் தண்ணீரைத் துணியில் ஊற்றி, அது வடியும்வரை வேண்டிக்கொண்டு போவார்கள். பிரசவத்தில் இறந்த ஒரு பெண்ணுக்காகக் கட்டிய துணி அது. தண்ணீர் நிற்காத அளவுக்குத் துணி நைந்து போகிற நாளில்தான் அவள் இரத்தக் குளத்து நரகத்திலிருந்து விடுபடுவாளாம். பணக்காரர்கள் நடுவில் சுரண்டி மெலிதாக்கிய துணியை விலைக்கு வாங்கிவிடுவார்கள் என்றும் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஏழை வீட்டுத் துணி நெருக்கி நெய்தது, நைய நாளாகும். அந்தப் பெண் யாரென்றே தெரியாதவர்கள் சுமையை இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

கேள்வி: கொரியர்களுக்கு மதமே இல்லை என்றாராமே? (வாசகர், ஓசூர்)

பதில்: பாதிதான் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். 1894-இல் சியோலுக்குப் போனவர், நகருக்குள் கோயிலே கண்ணில் படாததால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றும் என்றார். புத்தத் துறவிகள் தலைநகருக்குள் நுழையவே நெடுங்காலமாகத் தடை. அது நீங்கியது 1895-இல். வைரமலை மடங்களுக்குப் போய்த் துறவிகளையும் பார்த்தார். ஆவி ஓட்டும் பூசாரிப் பெண்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்.

கேள்வி: அவர் தாமே எந்தக் கோயிலிலாவது கும்பிட்டாரா? (வாசகி, காரைக்குடி)

பதில்: கேட்டார்கள், மறுத்தார். ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைதோவில் பிராத்தோரி என்னும் ஊர்; ஐனு என்னும் பழங்குடி மக்களுடையது. ஜப்பானியத் தளபதி யோஷித்சுனே 1189-இல் சாகவில்லை, தங்களிடம் தப்பி வந்து அன்பாக இருந்தார் என்பது ஐனு மக்கள் நம்பிக்கை. குன்றின்மேல் அவருக்கு ஒரு சின்னக் கோயில். அம்மாளை அங்கே அழைத்துப்போய், மணியை மும்முறை அடித்து, மும்முறை வணங்கி, அரிசி மதுவை வார்த்தார்கள். நீங்களும் கும்பிடுங்கள் என்றார்கள். வானையும் பூமியையும் படைத்த என் கடவுளைத் தவிர வேறு யாரையும் கும்பிட முடியாது என்றார் அம்மாள். அவர்களும் வற்புறுத்தவில்லை.

கூட வந்த மொழிபெயர்ப்பாளன் இட்டோவுக்குப் பதினெட்டு வயது. அவன் கணக்கில் ஏற்கெனவே ஏகப்பட்ட சாமிகள்; ஒன்று கூடினால் என்ன குறைந்துவிடும்? சந்தோஷமாகக் குனிந்து கும்பிட்டுவிட்டு வந்தான்.