பித்தப்பையை எடுத்த பிறகு கசப்பாக மஞ்சள் வாந்தி வருவது ஏன்? அசிடிட்டி மாத்திரைக்கும் கேட்கவில்லையே?

பித்தநீர் கல்லீரலில் சுரந்து, பித்தப்பையில் தங்கி, சாப்பிடும்போது சிறுகுடலுக்குள் இறங்கும். இரைப்பையின் அடிவாசலில் இருக்கும் பைலோரஸ் என்ற தசைவளையம் அதை மேலே ஏற விடாமல் தடுக்கிறது. பித்தப்பை இல்லாதபோது தேக்கி வைக்க இடமில்லை. வெறும் வயிற்றிலும் பித்தநீர் குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தசைவளையம் சரியாக மூடாவிட்டால் அது இரைப்பைக்குள் ஏறிவிடும். பித்தப்பையை எடுத்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கும், எடை குறைக்க இரைப்பையில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்தவர்களில் சிலருக்கும் இது வருகிறது. பைலோரஸ் அருகே புண் இருந்தாலும் வரலாம்.

சரி, மாத்திரை ஏன் கேட்கவில்லை? பான்டோப்ரசோல் போன்றவை அமிலச் சுரப்பைத்தான் குறைக்கும். பித்தநீர் அமிலமே இல்லை, காரத்தன்மை உள்ளது. அதனால் டாக்டரிடம் "மாத்திரை போட்டும் எரிகிறது, வாந்தி மஞ்சளாக இருக்கிறது" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். எண்டோஸ்கோபி செய்தால் இரைப்பைச் சுவர் புண்பட்டிருக்கிறதா என்று தெரியும். அர்சோடிஆக்சிகோலிக் அமிலம், சுக்ரால்ஃபேட் போன்ற மருந்துகள் சிலருக்கு நன்றாகவே உதவுகின்றன.

வருடக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். பித்தநீரும் அமிலமும் சேர்ந்து உணவுக்குழாய்க்குள் ஏறிக்கொண்டே இருந்தால் உட்சுவரின் செல்கள் மாறி, பேரட்ஸ் என்ற நிலை வரலாம். அந்த நிலை வந்தவர்களில் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. ஆனாலும் கண்காணிப்பு அவசியம். எடை குறைவது, விழுங்கச் சிரமம், ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி கரும்பச்சையாக வந்து, வயிறு உப்பி வலித்தால் அது குடல் அடைப்பாகவும் இருக்கலாம். அன்றைக்கே பார்க்க வேண்டியது.